ஒட்ட வெட்டிய ஓரம்

மணி பத்தே காலுக்கு இரண்டு மூட்டைகள் பட்டறைக்குத் திரும்பி வந்தன.

வண்டிக்காரர் அவற்றை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு கடிதத்தை முதலாளியம்மாவிடம் நீட்டிவிட்டுப் போனார். ஒரு மூட்டையின் கட்டு அவிழ்ந்து, கரடி பொம்மையின் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோளில் தையல் விட்டுப் பஞ்சு பிதுங்கியிருந்தது.

முதலாளியம்மா எதையும் உரக்கத்தான் படிப்பார். மருந்துச் சீட்டைக்கூட அப்படித்தான். பன்னிரண்டு மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

கடைக்காரர் எழுதியிருந்தார். முப்பத்தொரு பொம்மைகள். கழுத்திலும் தோளிலும் தையல் பிரிகிறது. ஒரு வீட்டில் குழந்தை கரடியைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறது. விடிந்து பார்த்தால் வாயெல்லாம் பஞ்சு. தாய் விரலை விட்டு எடுத்திருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது. இருந்தாலும்.

"இருந்தாலும்னு போட்டு முடிச்சிட்டாரு," என்றார் முதலாளியம்மா. "அதுக்கு மேல அவரு என்னதான் எழுதுவாரு?"

ஜன்னலோர மெஷினில் இருந்த பெரியவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

பட்டறையில் அவளுக்குப் பெரியவள் என்று பேர். அவளுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவள் சின்னவள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். வீட்டில் கூப்பிடுகிறபடியே இங்கேயும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கும் வயதில் ஐந்து வருடம் வித்தியாசம். வேலையில் அதைவிட அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியவளும் அதை மறுத்ததில்லை.

ரோமத்துணியை மூட்டுவது சட்டைத் துணியை மூட்டுவது போல அல்ல. முடி உள்ளே இருக்கும்படி இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தால், விளிம்பு நெடுக முடி வெளியே எட்டிப் பார்க்கும். அதை ஊசி நுனியால் உள்ளே தள்ளித் தள்ளி, குண்டூசி குத்தி, அப்புறம்தான் மெஷினில் கொடுக்க வேண்டும். தள்ளாமல் தைத்தால் முடி தையலில் சிக்கிக்கொள்ளும். திருப்பிப் போட்டதும் தழும்பு மாதிரி ஒரு மேடு தெரியும். சின்னவள் விரற்கடை விரற்கடையாகத் தள்ளுவாள். நாளுக்கு ஆறு கரடிதான் முடியும். பெரியவள் பதினொன்று முடிப்பாள். அவள் தைத்த கரடியை எப்படித் தடவினாலும் தையல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவள் எப்போதோ தைத்த ஒன்று மாதிரிக்கென்று அலமாரியில் நிற்கிறது. வருகிறவர்களிடம் முதலாளியம்மா அதைக் கொடுத்து, "தையலக் கண்டுபிடிங்க பாப்போம்" என்பார்.

"நத்தை ஊர்ந்து வந்து சேர்றதுக்குள்ள கரடிக்கு நரைச்சிடும்," என்று பெரியவள் ஒரு நாள் சின்னவளைப் பார்த்துச் சொல்லப்போக, பட்டறையே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நத்தை என்று இன்னொரு பேர்.

அலமாரிக் கரடி ஆறு வருடத்துக்கு முந்தியது. அப்போது பெரியவளும் ஊசி நுனியால் தள்ளித்தான் தைத்தாள்.

மூன்று வருடமாகக் கிட்டத்துப் பார்வை போய்விட்டது. தெருக்கோடியில் வருகிற பஸ்ஸின் எண் தெரியும். கையில் இருக்கும் துணியின் விளிம்பு தெரியாது. முடியெல்லாம் சேர்ந்து ஒரு புகை மாதிரி இருக்கும். கண்ணாடி வாங்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் பக்கத்து மெஷினில் இருந்த அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மாதமே அவளைப் பஞ்சு ரூமுக்கு மாற்றினார்கள். பஞ்சு ரூமில் ஜன்னல் கிடையாது. மூக்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கரடி வயிற்றில் பஞ்சு அடைக்க வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் மெஷினுக்குத் திரும்பியதில்லை.

பெரியவள் வேறு வழி கண்டுபிடித்தாள். முடியோடு சேர்த்தே தைத்துவிடுவாள். பிறகு தையலுக்கு வெளியே விட்டிருக்கும் கால் அங்குல ஓரத்தைத் தையலை ஒட்ட நறுக்கிவிடுவாள். ஓரம் இல்லையென்றால் மேடும் இல்லை. திருப்பிப் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால், சிக்கிய முடியும் வெளியே வந்துவிடும். வேலையும் சீக்கிரம் முடியும். இரண்டு நூலிழைத் துணிதான் தையலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பொம்மைதானே, அதை யார் பிடித்து இழுக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

குழந்தைகள் இழுப்பார்கள். வேறு யார்?

கட்டிங் மாஸ்டர் மூட்டையிலிருந்து ஒரு கரடியை எடுத்தார். யார் தைத்தது என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கரடிக்கும் இடது காலுக்குள், தையலோடு சேர்த்து, எண் அச்சடித்த ஒரு சின்ன நாடாத் துண்டு இருக்கும். பெரியவள் எண் ஒன்பது. சின்னவள் எண் ஆறு. தலைகீழாகிவிடக் கூடாதென்று இரண்டு எண்களுக்கும் அடியில் ஒரு கோடு இருந்தது. அச்சுக் கட்டையில் அந்தக் கோடு தேய்ந்து வருடக்கணக்காகிறது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பதையும் ஆறையும் பிரித்துப் பார்க்கக் கோடு எதற்கு, தையலைத் தடவினால் போதாதா என்பார் மாஸ்டர்.

அவர் கரடியை இடது காலைப் பிடித்துத் தூக்கினார். தலை கீழே தொங்கியது. பிளேடால் கால் தையலைக் கீறி நாடாவை வெளியே இழுத்தார்.

"ஆறு," என்றார்.

இன்னொன்றை எடுத்தார். அதையும் காலைப் பிடித்தே தூக்கினார்.

"இதுவும் ஆறு."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். சின்னவள் எழுந்து நின்றாள். மடியிலிருந்த குண்டூசி டப்பா கீழே விழுந்து கொட்டியது.

"என்னுதா?" என்றாள். "என்னுது பிரியாதே மாஸ்டர். அழகா இருக்காது, சரி. ஆனா பிரியாது."

"இது அழகாவும் இருக்கு, பிரிஞ்சும் இருக்கு," என்றார் மாஸ்டர். பிரியாத பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சுத்தமான தையலா இருக்கே. நத்தை கையா இது?"

"அதான் விஷயமே," என்றார் முதலாளியம்மா. "பெரியவ மாதிரி வரணும்னு ஆசைப்பட்டிருக்கா. அந்தக் கை வருமா? ஓரத்த நறுக்கிட்டு உக்காந்திருக்கா."

"நான் நறுக்குறதே இல்லீங்கம்மா. எனக்கு அந்த தைரியமெல்லாம் கிடையாது."

யாரோ சிரித்தார்கள். சின்னவள் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களே பாத்து சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல."

மாஸ்டர் கரடியைப் பெரியவள் கையில் கொடுத்தார். தலை மேலே, கால் கீழே இருந்தது. நாடாவில் இருந்தது அவளுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு மாதிரிதான் தெரிந்தது. அவளுக்கு எண் தேவைப்படவில்லை. கட்டைவிரலைத் தோள் தையலில் வைத்தாள். வைத்ததும் தெரிந்துவிட்டது. கை தான் செய்ததை எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்ளும். இது தன்னுடையது. காலைப் பிடித்துத் தூக்கியதால் ஒன்பது ஆறாகியிருக்கிறது. இந்தக் கரடியை இப்படியே நிமிர்த்தி மாஸ்டர் முகத்துக்கு நேரே காட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

பட்டறை முழுவதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓரம் ரொம்ப ஒட்ட வெட்டியிருக்கு," என்றாள்.

அது பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தியா," என்றார் முதலாளியம்மா. "உங்க அக்காவே சொல்லிட்டாங்க."

தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முப்பத்தொரு கரடிகளையும் சின்னவள் வீட்டுக்கு எடுத்துப் போய், பிரித்து, ஒட்டுத் துணி வைத்துக் கையால் தைத்துக் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து பஞ்சு ரூம். ஆறாம் மெஷினுக்கு வேறு ஆள்.

சின்னவள் குனிந்து குண்டூசிகளைப் பொறுக்கினாள். பெரியவளும் குனிந்தாள். தரையில் ஒரு குண்டூசிகூட அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. சும்மா தடவிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வழக்கம்போல மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். சின்னவள் தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்துப் பெரியவளின் மூடியில் வைத்தாள். தினமும் செய்வது. இன்றைக்காவது செய்யாமல் இருந்திருக்கலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"ஒருவேளை நாந்தான் நறுக்கிட்டேனோ என்னமோக்கா," என்றாள் சின்னவள். "ஏதோ நெனப்புல. போன மாசம் அவருக்கு ஜுரம்னு அலைஞ்சேனே, அப்ப."

"சும்மா இரு."

"இல்லக்கா. நாடாவுல என் எண்ணு இருக்கு. எண்ணு பொய் சொல்லுமா?"

பெரியவள் கையில் எடுத்த கவளத்தை மூடியிலேயே திரும்ப வைத்தாள்.

"இந்தா பாரு..." என்றாள்.

"என்னக்கா?"

மாடிப்படியில் யாரும் இல்லை. நல்ல இடம். நல்ல நேரம்.

"தண்ணி குடு," என்றாள் பெரியவள்.

நாலு மணிக்கு முதலாளியம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டுதான் போனாள். முதலில் கண். பிறகு ஓரம். பிறகு ஒன்பது. கதவு திறந்தே இருந்தது. முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்ததும் முந்திக்கொண்டார்.

"வாங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். மனசு கேக்காது, ஒரே வீடு. உங்க மொகத்துக்காகத்தான் அவள வேலைய விட்டு அனுப்பல. வேற ஆளா இருந்தா இன்னைக்கே கணக்கு முடிச்சிருப்பேன்."

பெரியவள் நின்றாள். அலமாரிக் கரடி முதலாளியம்மாவின் தலைக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணை வைத்துத் தைத்தது அவள்தான்.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு அரை மணி நடை. ஆளுக்கொரு மூட்டை. பஞ்சு மூட்டை கனக்காது. ஆனால் பெரிதாக இருக்கும், எதிரில் வருகிறவர்கள் ஒதுங்க வேண்டும். பெரியவளின் மூட்டையிலிருந்து ஒரு கரடித் தலை வெளியே தொங்கி, நடக்கும்போதெல்லாம் அவள் இடுப்பில் இடித்தது. சாலையைக் கடக்க நின்றபோது, ஒரு தாயின் இடுப்பிலிருந்த குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது. பெரியவள் தலையை மூட்டைக்குள் திணித்தாள்.

"ஏங்க, விக்கிறீங்களா?" என்றாள் அந்தத் தாய்.

"இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்," என்றாள் சின்னவள்.

தாய் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். இவளால் இந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று பெரியவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நினைத்து உடனே கூசியது. சின்னவள் அழுதிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

வீட்டு முன்னறையில் மூட்டையைக் கொட்டியதும் கொழுந்தன் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னது, பொண்ணு வீட்டு சீரா?"

"எல்லாம் உங்க பெண்டாட்டி கைவேல," என்றாள் சின்னவள். நடந்ததை நாலே வரியில் சொல்லி முடித்தாள். பஞ்சு ரூம் என்றபோது மட்டும் குரல் இறங்கியது.

பெரியவளின் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் அது நிற்கும்.

"பக்கத்துலயே இவ்ளோ பெரிய கைகாரி இருக்கா," என்றார். "இத்தன வருஷத்துல பாத்தாவது கத்துக்கிட்டிருக்கலாம்ல?"

"கத்துக்கிட்டிருக்கலாந்தான் மாமா," என்றாள் சின்னவள்.

பெரியவள் சமையலறைக்குப் போய் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை கழுவினாள். மறுபடி கழுவினாள். விரலிடுக்கில் பழுப்பு முடி ஒன்று ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. திரும்பி வந்தபோது ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. சின்னவள் காலை நீட்டி உட்கார்ந்து, முதல் கரடியை மடியில் போட்டிருந்தாள்.

பெரியவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நானும் தைக்கிறேன். ரெண்டு பேரா தைச்சா நாளைக்குள்ள முடிஞ்சிடும்."

"உங்களுக்கு எதுக்குக்கா? இது எனக்கு வந்தது."

"குடு."

சின்னவள் கரடியின் தோள் தையலைப் பிரித்தாள். பிரிக்க ஒன்றுமே இல்லை. விரலை விட்டு விலக்கியதும் கழுத்து வரை வாய் பிளந்தது. உள்பக்கத்தை வெயிலுக்குக் காட்டினாள். ஓரம் என்று ஒன்றும் இல்லை. உள்ளே தள்ளிய முடி ஒன்றுகூட இல்லை. தையல் நெடுகச் சிக்கி, மொட்டையாக நறுக்கிக் கிடந்தது. அவள் கைகள் நின்றன.

பெரியவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூரத்துக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சின்னவள் கரடியை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்தாள். குழந்தையை உட்கார வைப்பது போல. மாஸ்டர் கீறிய இடத்திலிருந்து நாடாத் துண்டு வெளியே தொங்கியது. அதை விரலால் நீவி நேராக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி நிமிர்த்தினாள்.

அடுத்த கரடியை எடுத்தாள். நிமிர்த்தி உட்கார வைத்தாள். அதன் காலை அவளே கீறி நாடாவைப் பார்த்தாள். மூன்றாவதையும் அப்படியே.

மூன்றையும் சுவரோரமாக வரிசையாக உட்கார வைத்தாள்.

பெரியவள் காத்திருந்தாள். இதோ இப்போது கேட்பாள். கேட்டால் சொல்லிவிடலாம். கேட்கட்டும். திட்டட்டும். தெருவே கேட்கும்படி கத்தட்டும். சின்னவள் கேட்கவில்லை. ஒட்டுத் துணியை எடுத்து, அளவு பார்த்து வெட்டி, கரடியின் தோளுக்குள் வைத்துப் பிடித்தாள். வெளியே எட்டிப் பார்த்த முடியை ஊசி நுனியால் உள்ளே தள்ள ஆரம்பித்தாள். விரற்கடை விரற்கடையாக.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பெரியவள் ஊசி டப்பாவை இழுத்தாள். ஓர் ஊசியை எடுத்தாள். நூலை நாக்கில் நனைத்துக் கூராக்கினாள்.

தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்புமுன் மொட்டைமாடிக்குப் போவாள். நல்ல வெயிலில் கையை முழுக்க நீட்டி, கழுத்தைப் பின்னால் இழுத்து, கைத்தையலுக்கென்று எட்டு ஊசிகள் கோத்துக்கொள்வாள். முந்தானை ஓரத்தில் வரிசையாகக் குத்திக்கொண்டு இறங்குவாள். "அக்கா போருக்குக் கெளம்பிட்டாங்க," என்று சின்னவள் கேலி செய்வாள். சுறுசுறுப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய எட்டும் தீர்ந்துவிட்டன.

நூலை நீட்டினாள். ஊசியின் இந்தப் பக்கமாகப் போயிற்று. மறுபடி நனைத்தாள். அந்தப் பக்கமாகப் போயிற்று. ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தாள். கையின் நீளம் முடிந்துவிட்டது. ஊசி இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் காது இல்லை. இருக்கும் என்று நம்பிய இடத்தில் நூலைக் குத்தினாள். அது விரலில் பட்டு மடங்கியது.

எதிரில் சின்னவளின் கைகள் மறுபடி நின்றிருந்தன.

பெரியவள் ஊசியை இறக்கவில்லை. இறக்கினால் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

சின்னவள் எட்டி அவள் விரல்களுக்கிடையிலிருந்து ஊசியை எடுத்தாள். நூலையும் எடுத்தாள். ஒரே தடவையில் கோத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்துத் துண்டித்தாள். ஊசியைக் காதுப் பக்கமாகத் திருப்பி, குத்திவிடாதபடி, பெரியவளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏன்க்கா," என்றாள், "எத்தன நாளா உங்களுக்கு ஊசிக்காது தெரியல?"